டெக் வாங்குங்கள், வேலை முடிந்ததும் கை மாற்றி விடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் ஒரு சாஃப்ட்வேர் என்ஜினீயர் என்ற முறையில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "வீட்டில் பழைய கல்யாண வீடியோ கேசட் இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியுமா?" தாராளமாக முடியும். கம்ப்யூட்டர் பக்கம் சிரமம் எதுவும் இல்லை. கேசட்டை ஓட்ட ஒரு நல்ல டெக் கிடைப்பதுதான் சிரமம்.

1976-ல் ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் கொண்டு வந்தது விஎச்எஸ் கேசட். விசிஆர் தயாரித்து வந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஃபுனாய், உதிரி பாகங்கள் கிடைக்காததையும் ஒரு காரணமாகச் சொல்லி 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்தியது. ஆக, இனி கிடைக்கும் டெக் பெரும்பாலும் பழையதுதான். அவற்றின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே போகும், கூடாது.

ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-ல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றப்படாத டேப்களில் பெரும்பாலானவை இழந்தவைதான் என்றது. அந்த வருடம் கடந்து விட்டது. கேசட்கள் எல்லாம் ஒரே நாளில் அழிந்து விடவில்லை என்பது உண்மைதான். ஆனால் டேப் கெடுவதற்கு முன்பே அதை ஓட்டும் மெஷினும், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் இல்லாமல் போய் விடுவார்கள் என்ற கவலை இன்னும் அப்படியே இருக்கிறது.

பழைய கருவி வாங்குவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். அதில் ஓடப் போகும் படம் வேறு எங்காவது கிடைக்குமா? லேசர் டிஸ்க் பிளேயர் தயாரிப்பைப் பயனீர் நிறுவனம் 2009-ல் நிறுத்தியது. ஆசைக்காக அதை வாங்குபவர்கள் வாங்கட்டும். அந்த டிஸ்க்குகளில் இருந்த சினிமாக்களில் பலவும் பிறகு டிவிடியில் வந்து விட்டன. உங்கள் பெற்றோரின் கல்யாணம் எந்த டிவிடியிலும் வராது. எனவே பணத்தை விஎச்எஸ் டெக்கில் போடுங்கள் என்பதே என் கருத்து.

ஒன்றிரண்டு கேசட்தான் என்றால் மாற்றிக் கொடுக்கும் கடையிலேயே கொடுத்து விடலாம். பத்து, பதினைந்து என்றால் உறவினர்கள், அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே டெக் வாங்குவது லாபம். டெக்கின் விலை, அத்தனை கேசட்டுக்கும் கடையில் கேட்கும் மொத்தக் கூலியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வாங்காதீர்கள்.

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவதற்கு முன் உறவினர் வீட்டுப் பரண்களை விசாரியுங்கள். வளைகுடா நாடுகளில் இருந்து வந்தவர்கள் அன்று ஆசையாகக் கொண்டு வந்த டெக்குகள் இன்றும் துணி சுற்றிக் கிடக்கின்றன. பழைய டிவி ரிப்பேர் கடைகளிலும் கேளுங்கள். வெளிநாட்டில் இருந்து வரவழைப்பதாக இருந்தால் கவனம் தேவை. நம் நாட்டு முறை பால். அமெரிக்காவில் விற்ற டெக்குகள் என்டிஎஸ்சி முறையில் இயங்குபவை. அவற்றில் நம் கேசட் சரியாக ஓடாது.

வாங்கப் போகும்போது முக்கியம் இல்லாத கேசட் ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். பத்து நிமிடம் ஓட விடுங்கள். முன்னும் பின்னும் சுற்றிப் பாருங்கள். கேசட் ஒழுங்காக வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். கேசட் உள்ளே இறங்கவில்லை, சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் ரப்பர் பெல்ட்தான் காரணம். அதை மாற்றி விடலாம். டேப் நன்றாக ஓடியும் படம் வராவிட்டால் ஹெட்டைக் கிளீன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் வராத டெக்கை விட்டு விடுங்கள். ரெக்கார்டிங், டைமர் வேலை செய்யாதது ஒரு குறையே அல்ல. அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

"எஸ்-விஎச்எஸ் டெக், டைம் பேஸ் கரெக்டர் உள்ள மாடல்தான் வேண்டும்" என்று சில ஆர்வலர்கள் சொல்வார்கள். ஆடும் படத்தை அது நிலைப்படுத்தும், மறுக்கவில்லை. ஆனால் சாதாரண விஎச்எஸ்-இல் பதிவான விவரம் சுமார் 240 கோடுகள்தான். எந்த விலை உயர்ந்த டெக்கும் அதில் இல்லாததைக் கொண்டு வராது. சிறந்த மாடலுக்காக மூன்று வருடம் காத்திருப்பதை விட, சுமாரான டெக்கில் இந்த மாதமே மாற்றி விடுவது மேல்.

கேசட்டின் கண்ணாடி வழியே பாருங்கள். டேப் மீது வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை டெக்கில் போடவே போடாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்தடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இனி கம்ப்யூட்டர் வேலை. டெக்கின் மஞ்சள் சாக்கெட்டில் படமும், வெள்ளை, சிவப்பு சாக்கெட்டுகளில் ஒலியும் வரும். இவற்றை ஒரு யுஎஸ்பி கேப்ச்சர் கருவி வழியாக இணைத்து, 720 x 576 அளவில் பதிவு செய்யுங்கள். விநாடிக்கு 6 மெகாபிட் என்று வைத்தால் மூன்று மணி நேரக் கேசட்டுக்கு சுமார் 8 ஜிபி இடம் போதும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி, வெளியே தனி டிஸ்க்கில் இன்னொரு காப்பி வைத்துக் கொள்ளுங்கள்.

"நாங்கள் அப்போதே விசிடியாக மாற்றி விட்டோம்" என்பவர்களும் கவனிக்க வேண்டும். விசிடியின் அளவு 352 x 288 மட்டுமே. கேசட்டில் இருந்ததில் ஒரு பகுதி அதிலேயே போய் விட்டது. மூல கேசட் இன்னும் இருந்தால் மறுபடியும் மாற்றுங்கள். அதுவரை கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் டெக்கை மீண்டும் பரணில் ஏற்ற வேண்டாம். ஓடாமல் கிடந்தால் ரப்பர் கெட்டு விடும், ஆயில் இறுகி விடும். போட்ட பணத்துக்கு விற்று விடுங்கள், அல்லது கேசட் வைத்திருக்கும் இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள். இருக்கும் டெக்குகள் கொஞ்சம்தான். ஒவ்வொன்றும் பத்து வீடு சுற்றி வந்தால் பத்து வீட்டுக் கல்யாணமும் பிழைக்கும்.