ஓசை பிந்தினால் இடம் தவறும்

எர்ணாவூர்க் கடற்கரை மணலில் புதைந்த நாணயத்தை மெட்டல் டிடெக்டரால் தேடுவதாக வைத்துக்கொள்வோம். கருவியின் சுருளை வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசுகிறோம். காதில் புளூடூத் ஹெட்போன். அது ஓசையைக் குறியீடாக்கி அனுப்பி, மீண்டும் ஓசையாக்க 0.2 வினாடி பிடிக்கலாம். 'பீப்' கேட்கும்போது சுருள் 20 செ.மீ. தாண்டியிருக்கும்! அங்கே தோண்டினால் மணல்தான் கிடைக்கும்.

1881இல் கிரகாம் பெல், சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேடியபோது, கம்பியில் இணைத்த டெலிபோனில்தான் ஓசை கேட்டார். இன்றும் கம்பியே மேல் என்பது என் கருத்து.

கம்பியில்லாமல்தான் வேண்டுமா? தாமதம் குறைந்த அமைப்பைத் தேர்ந்தெடுங்கள், மெதுவாக வீசுங்கள். இருபுறமும் ஒரே வேகத்தில் வீசி, ஓசை கேட்ட இரு இடங்களுக்கும் நடுவே தோண்டுங்கள்.

நாணயம் தவறினால் பெரிய நஷ்டமில்லை. முல்லைத்தீவில் கண்ணிவெடி அகற்றுபவருக்கோ 20 செ.மீ. பிழை உயிருக்கே ஆபத்து. கருவியை நம்புமுன் அதன் பிழையை அளக்கப் பழகுவோமா?