பெருவிலங்கும் சன்னமும்

கனடாவிற் குடியேறி வாழும் நம் பழைய மாணவர் ஒருவர், என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவர், மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடச் செல்லும் அயலவரோடு தாமுஞ் செல்ல எண்ணி, வேட்டைச் சன்னங்களின் வகைகளுக்குத் தமிழிலே பெயர் யாதென எழுதிக் கேட்டார். தமிழாசிரியனுக்கும் துவக்குக்கும் என்ன தொடர்பென்று இம்மலரை வாசிப்போர் வினவலாம். பெயரைத் தேடப் புகுந்தவனுக்குப் பொருளையுந் தேடவேண்டியதாயிற்று. தேடியதிற் பிறந்த கருத்து ஒன்றுண்டு. பெருவிலங்கைச் சுடப் புகுவோன் முதலில் ஆராய வேண்டியது துவக்கின் பருமையையன்று, சன்னத்தின் இயல்பையே. அத்தேர்விலே நேரும் பிழைக்காக வருந்துவது பெரும்பாலும் சுட்டவன் அல்லன், சுடப்பட்ட விலங்கே.

தோட்டா என்பது கோதும் மருந்தும் சன்னமும் ஒருங்கே அமைந்தது. துவக்கின் வாயால் வெளிப்பட்டுச் சென்று தைப்பது சன்னம். பொதுவாகக் குண்டு என வழங்குகின்றோமாயினும், அச்சொல் உருண்டை வடிவை நினைவூட்டுவதாகலின், இக்காலத்து நீண்ட சன்னத்துக்கு அது செம்மையாகப் பொருந்தாது.

குண்டு உண்மையிலே உருண்டையாயிருந்த காலமும் உண்டு. 1848இல் நுவரெலியாவிலே குடியேற்றம் அமைத்த சாமுவேல் பேக்கர், 21 இறாத்தல் நிறையுள்ள ரைபிள் ஒன்றினால் யானைகளைச் சுட்டார். அதன் உருண்டைக் குண்டு 3 அவுன்சு நிறையுடையது. கரிமருந்தினாற் குண்டுக்கு ஊட்டக்கூடிய வேகம் ஓரளவினதே. ஆகவே வலுவை மிகுவிக்க விரும்பியோர் நிறையைக் கூட்டுவதன்றி வேறு வழி அறியார். பெரிய விலங்குக்குப் பெரிய குண்டு என்னும் கொள்கை அக்காலத்துக்கு நியாயமானதே. அக்காலம் போய்விட்டது, கொள்கை மாத்திரம் போகவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே புகையற்ற மருந்து வந்தது. சன்னத்தின் வேகம் பெரிதும் உயர்ந்தது. அவ்வேகத்தை வெற்று ஈயம் தாங்காது. ஆகலின் ஈயத்துக்கு உலோக உறை இட்டனர். முனைவரை மூடிய உறையுடைய சன்னமோ உடலைத் தைத்து, ஒடுங்கிய துளையொன்றை மாத்திரம் விட்டு, மறுபுறத்தால் வெளியேறியது. இது போதாதெனக் கருதிய ஆங்கிலேயர், 1890களிலே, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச்சாலையில் முனையுறை நீக்கிய சன்னத்தைச் செய்தனர். அது தசையிலே பட்டதும் காளான்போல விரியும். 1899இல் ஹேக் நகரிற் கூடிய நாடுகள் பல, மனித உடலில் எளிதாக விரியுஞ் சன்னத்தைப் போரிலே வழங்குவதில்லை என உடன்பட்டன. பிரித்தானியா அன்று ஒப்பமிடவில்லை, 1907இலேயே இணைந்தது.

இனி வியப்பைக் கேளுங்கள். அதே பிரித்தானியாவில், 1991ஆம் ஆண்டின் மான் சட்டம், மானை ரைபிளாற் சுடுவோன் மென்முனையோ குழிமுனையோ உடைய சன்னத்தையே வழங்கவேண்டும் என விதிக்கின்றது. மனிதனுக்கு ஆகாதெனத் தள்ளப்பட்டது மானுக்கு வேண்டும் என வற்புறுத்தப்படுகின்றது! இதனை முரண் என்று நகைப்போர் உளர். யான் அவ்வாறு கருதவில்லை. போர்வீரன் காயப்பட்டால் அவனை எடுத்துச் செல்லத் தோழர் உளர், கட்டுவதற்கு வைத்தியர் உளர். அவன் போரினின்று நீங்கினாற் போதும், உயிர் போதல் வேண்டியதன்று. காயப்பட்ட மானுக்கு யார் உளர்? ஒடுங்கிய துளையோடு அது காட்டினுள் ஓடிப் பல நாள் கிடந்து சாகும். இரண்டு விதிகளையும் பிறப்பித்தது ஒரே இரக்கந்தான்.

ஆயினும், விரியுஞ் சன்னம் எவ்விலங்குக்கும் ஏற்றதென்று கொள்ளுதல் அடுத்த பிழை. புறநானூற்றிலே வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் உருட்டி, ஈற்றில் உடும்பிலே போய்ச் செறிந்தது. இதனை வகுப்பிற் படிப்பிக்கும்போது பின்வாங்கு மாணவர் நகைப்பதுண்டு. நகைக்கட்டும், ஆனால் யானைக்கு வேண்டியது ஊடுருவும் ஆற்றலே என்பதைப் புலவர் அறிந்திருந்தார். யானையின் மண்டையோடு தேன்வதைபோற் காற்றறைகள் நிறைந்த என்பு. மூளையோ அதன் உள்ளே ஆழத்திற் பின்புறமாக இருப்பது. மென்முனைச் சன்னம் அவ்விடத்தை அடையுமுன் சப்பளிந்துவிடும். யானைக்கு வேண்டியது விரியாத முழுவுறைச் சன்னம். மெல்லிய உடலுடைய சிறுத்தைக்கோ புள்ளிமானுக்கோ தைத்தவுடன் விரிவது வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மரையும் மூஸும் மிக இடர் தருவன. அவற்றுக்கு விரியவும் வேண்டும், சிதறாமல் ஆழச் செல்லவும் வேண்டும்.

ஸ்கொத்லாந்தவரான பெல் (1880–1954) ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றுட் பலவற்றை வீழ்த்தியது 7 மில்லிமீற்றர் குழலுடைய சிறு ரைபிள். சன்னம் 173 கிரெயின், ஏறக்குறைய 11 கிராம். யானைத் தலையோட்டை வாளால் அறுத்து மூளை கிடக்கும் இடத்தை ஆராய்ந்து, விரியாத சன்னத்தை அவ்விடத்துக்கே செலுத்தினார் அவர். தந்தத்துக்காகச் செய்த அக்கொலைகளை யான் புகழேன். அறிவின் பயனைக் காட்டவே குறிப்பிட்டேன். ஜிம் கோர்பெற் 1926இல் உருத்திரப்பிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டதும் ஏறத்தாழ அதே குழலளவுடைய ரைபிளினாலேயே. குழல் ஒன்று, விலங்கு வேறு, வேறுபடவேண்டுவது சன்னமே.

வேகம் மாத்திரம் துணைசெய்யாது என்பதற்கு 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நிகழ்ந்தது சான்றாகும். ஜோன் நோஸ்லர் என்பவர் மிக்க வேகமுடைய ரைபிளினால் மூஸ் ஒன்றைச் சுட்டார். அதன் தோலிலே சேறு தடிப்பாகக் காய்ந்திருந்தது. சன்னம் மேற்புறத்திலேயே சிதறியது, உள்ளே செல்லவில்லை. அவர் வீடு திரும்பி, நடுவிலே செப்புச் சுவர் உடைய சன்னமொன்றை ஆக்கினார். முன்பாதி விரியும், பின்பாதி குலையாது ஆழச் செல்லும். 1948 முதல் அது விற்பனைக்கு வந்தது. என் நண்பருக்கு இவ்வகையையே எழுதினேன். 'இடைச்சுவர்ச் சன்னம்' எனப் பெயருமிட்டேன். விற்பனையாளர் விளம்பரங்களில் வேகமும் விசையுமே பெரிய எழுத்தில் வருகின்றன. உறையின் தடிப்பையும் உள்ளமைப்பையும் கேட்டறிய வேண்டியிருக்கின்றது.

ஈயத்தைப் பற்றியும் ஒரு சொல். சிதறிய ஈயத் துகள் விலங்கின் குடலிலே தங்க, அதை உண்ட கலிபோர்ணியாப் பெருங்கழுகுகள் நஞ்சேறி மடிந்தன. 1982இல் உலகில் எஞ்சியவை 22. 2019 முதல் அம்மாநிலத்தில் வேட்டைக்கு ஈயச் சன்னம் தடைப்பட்டது. முழுவதும் செம்பாலான சன்னம் நன்றாக விரிகின்றது, சிதறுவதுமில்லை. விலை கூடிற்றென்று முறையிடுவோரின் வாதம் எனக்கு வலியதாகத் தோன்றவில்லை.

எம் நாட்டிலோ யானை 1937ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தாற் காக்கப்படும் விலங்கு. அதற்கேற்ற சன்னம் எதுவென்ற ஆராய்ச்சிக்கு இங்கு இடமில்லை. ஆயினும் வன்னியிலும் கிழக்கிலும் வயல் காப்போர் சிலர், கொல்வதற்கன்று, விரட்டுவதற்கே சுடுகிறோம் என்று வேட்டைத் துவக்கிலே பல்சன்னத் தோட்டாவை இட்டு யானைமேற் சுடுகின்றனர். இது இரக்கமென்று அவர்கள் மெய்யாகவே நம்புகின்றனர். மேலே கூறியவற்றை அறிந்தவன் அவ்வாறு நம்பமாட்டான். சிறுசன்னம் தோலைத் துளைத்துத் தசையிலே தங்கும், உயிர்நிலையை அடையாது. புண் சீழ்ப்பிடிக்கும். கால் மூட்டிலே பட்டால் யானை நொண்டியாகி, மாதக்கணக்கில் மெலிந்து விழும். வலியோடு திரியும் அவ்விலங்கின் சினத்துக்கு இரையாவதோ, சுட்டவனின் அயலூரான். கமக்காரரின் இழப்பை யான் சிறிதாக எண்ணவில்லை. ஓரிரவில் ஒரு போகம் அழிவதைக் கண்டவர் எம் மாணவரின் பெற்றோருள்ளே உளர். அவர்களுக்கு வேண்டுவது ஒழுங்காகப் பராமரிக்கப்படும் மின்வேலியும், வேளைக்குக் கிடைக்கும் யானை வெடியுமே. அவ்வூர்களிலே கிராம அலுவலராகவும் ஆசிரியராகவும் பணிபுரியும் பழைய மாணவர் இதனை எடுத்துச் சொல்வாராயின், துவக்கிலே தோட்டா இடுமுன் ஒருவனாவது கேட்பான்.