அடைப்பும் அமிலமும்

மாணவர்களே,

சமையலறைக் குழாயில் நீர் வடியாமல் தேங்கினால், பல வீடுகளில் ஒரு புட்டி அமிலத்தை வாங்கிவந்து ஊற்றிவிடுகின்றனர். இவ்வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து. செப்டிக் தொட்டி உள்ள வீட்டில் இது பெருந்தவறாகும்.

பாதாளச் சாக்கடை எட்டாத குடியிருப்புகள் நம் நாட்டில் பல உள்ளன. அங்கு வீட்டுக் கழிவுநீர் நிலத்தடியில் கட்டப்பட்ட தொட்டியைச் சென்றடைகிறது. கசடு அடியில் படிகிறது. எண்ணெய்ப் பசை மேலே மிதக்கிறது. இடையிலுள்ள நீர் வெளியேறுகிறது. காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் கசட்டைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் மிகுதியாகச் சேர்ந்தால் அந்நுண்ணுயிரிகள் மடியும். தொட்டியும் விரைவில் நிரம்பும்.

"அமிலம் ஊற்றினால் அடைப்பு நொடியில் நீங்குமே!" எனச் சிலர் கூறுவர். நீங்காவிட்டால் என்ன ஆகும்? அரிக்கும் நீர் குழாயிலேயே நிற்கும். அதனைக் கழற்ற வரும் பணியாளரின் கண்ணிலும் கையிலும் தெறிக்கும். அமிலத்தோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். நம் அவசரத்திற்குப் பிறர் துன்புறுவது அறமாகுமா?

பாதுகாப்பான வழிகள் எளியவை. கைப்பிடியுள்ள ரப்பர்க் கிண்ணத்தைக் குழாய்வாயில் வைத்து அழுத்தி இழுத்தால் பெரும்பாலான அடைப்புகள் நெகிழும். இல்லையேல், அடியிலுள்ள வளைகுழாயின்கீழ் வாளியை வைத்து, கையுறை அணிந்து, குழாயைக் கழற்றித் தூய்மை செய்யலாம். குளியலறையில் சிக்கிய முடியை வளைத்த கம்பியால் இழுத்தெடுக்கலாம். இவற்றைப் பெரியோரே செய்தல் வேண்டும்.

எல்லாக் குழாய்களிலும் ஒருசேர நீர் தேங்கினால், தொட்டி நிறைந்திருக்கக்கூடும். அப்போது கழிவை உறிஞ்சும் ஊர்தியையே அழைக்க வேண்டும். தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தலும் கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சுகளிலேயே உயிரைப் பறிக்க வல்லது.

பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. அவ்வாறு இறப்போரின் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமென 2023இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் இறப்புகள் நின்றபாடில்லை. எத்தனை இலட்சம் கொடுத்தாலும், ஒரு குழந்தைக்குத் தந்தையை மீட்டுத்தர இயலுமா? குறைந்த கூலிக்கு ஒருவரை இறக்கிவிடும் வீட்டுக்காரருக்கும் அக்குற்றத்தில் பங்குண்டு.

"நாங்கள் சிறுவர்கள், எங்களால் என்ன இயலும்?" என நீங்கள் கேட்கலாம். இயலும். எஞ்சிய சோற்றையும் தேயிலைச் சக்கையையும் குழாயில் கொட்டாதீர்கள். எண்ணெய்ப் பாத்திரத்தைத் தாளால் துடைத்தபின் கழுவுங்கள். சீப்பில் வரும் முடியைக் குப்பைக்கூடையில் இடுங்கள். குழாய்வாயில் ஒரு சிறு சல்லடையைப் பொருத்துமாறு பெற்றோரிடம் இன்றே கூறுங்கள். அடைப்பே நேராத வீட்டில் அமிலத்திற்கும் வேலையில்லை. எவரையும் ஆபத்தில் இறக்கும் தேவையும் இல்லை.