மீண்டும் ஒன்றிலிருந்து

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் அதிகத் தொலைவில்லை. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டுகளைப் பார்க்க வருபவர்கள், ஒன்று பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டிலும் வெட்டப்பட்டவை என்று கேட்டுக்கொண்டு போவார்கள். நம் கணக்கில் அவை கி.பி. 919, 921. ஒவ்வொரு அரசனும் பட்டமேறியதும் காலம் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கிய நாடு இது. சென்ற வாரம் அந்தச் சுவரின் முன் நின்றபோது, பொருத்தமே இல்லாமல், என் நினைவுக்கு வந்தவை காமிக்ஸ் புத்தகங்கள்.

பொருத்தம் இல்லாமலும் இல்லை. அமெரிக்கக் காமிக்ஸ் உலகில் கடந்த முப்பது ஆண்டுகளாக நடப்பது இந்த ஆட்சியாண்டுக் கணக்குதான். 1963இல் தொடங்கிய 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 1998இல் 441ஆம் இதழோடு நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு மறுபடியும் 1 என்று வந்தது. புதிய வரிசையில் 58 இதழ்கள் ஆனபின், 2003இல், பழையதையும் புதியதையும் கூட்டி 500 என்று அட்டையில் போட்டார்கள். சூப்பர்மேனை 1938இல் அறிமுகப்படுத்திய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 2011இல் 904ஆம் இதழோடு நின்றது. அவ்வாண்டு டிசி நிறுவனம் 52 தலைப்புகளை ஒன்றிலிருந்து தொடங்கியபோது இதுவும் 1 ஆயிற்று. 2016இல் நடுவில் வந்த 52 இதழ்களையும் சேர்த்துக்கொண்டு 957 என்று பழைய பாதைக்குத் திரும்பியது. 2018இல் ஆயிரமாவது இதழைக் கொண்டாடினார்கள். விலக்கிவைத்த பாட்டனை மணிவிழாவுக்கு மட்டும் அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைப்பது போலத்தான் எனக்குத் தோன்றியது.

காரணம் வணிகம். முதல் இதழை வாங்கிவைத்தால் பின்னால் விலை போகும் என்று சேகரிப்பாளர் நினைக்கிறார். கடைக்காரரும் அதை அதிகமாகத் தருவிக்கிறார். எழுநூறாம் இதழைக் கையில் எடுக்கும் புதிய வாசகன், முந்தைய கதை தெரியாதே என்று திரும்ப வைத்துவிடுவான் என்ற அச்சமும் உண்டு. இந்த அச்சத்தை நான் முழுவதும் மறுக்கவில்லை. ஆனால் எண்ணை மாற்றினால் கதை எளிதாகிவிடும் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. நாலு முறை ஒன்றிலிருந்து தொடங்கிய தொடரில், எந்த ஒன்றிலிருந்து படிப்பது என்பதே புதியவனின் முதல் குழப்பம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியிலிருந்து வந்தது. 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் வந்தது. அதே மாதம் ராணி காமிக்ஸும் தொடங்கி, 2005 வரை ஏறக்குறைய 500 இதழ்களைத் தந்து ஓய்ந்தது. லயன், முத்து வீட்டிலேயே திகில், மினி லயன், ஜூனியர் லயன், மறுபதிப்புக்கென்று காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்று கிளைகள் பல. ஒவ்வொன்றுக்கும் தனி எண் வரிசை. கேப்டன் டைகராக நமக்குத் தெரிந்த லெப்டினன்ட் புளூபெர்ரியின் 'மின்னும் மரணம்' சாகசம், பல இதழ்களில் சிதறிக் கிடந்து 2015இல்தான் ஒரே தொகுப்பாயிற்று. அதற்குள் பள்ளிச் சிறுவர்களாயிருந்த வாசகர்கள் பலர் பிள்ளை பெற்றுவிட்டார்கள்.

இத்தனை சிதறலுக்கு நடுவிலும் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார்கள் என்பதே என் கட்சி. நீண்ட தடுமாற்றத்துக்குப் பிறகு 2012 ஜனவரியில் லயன் மீண்டெழுந்து 'கம்பேக் ஸ்பெஷல்' வந்தபோது, அளவு, தாள், வண்ணம், விலை எல்லாம் மாறியிருந்தன. புது வாழ்வு என்று சொல்லி 1 போட எல்லா நியாயமும் இருந்தது. போடவில்லை. பழைய எண்ணையே தொடர்ந்தார்கள். 2015இல் 250ஐத் தொட்டார்கள். ஊருக்கு ஒருவராகச் சிதறியிருந்த பழைய வாசகர்களுக்கு அந்த எண் சொன்ன செய்தி ஒன்றுதான்: நீங்கள் சேர்த்துவைத்தது வீண் போகவில்லை, உங்கள் பெட்டியில் இருப்பதன் அடுத்தது இது.

எங்கள் ஊர்த் தறியில் பாவு தீர்ந்துபோனால் பழையதை அறுத்து எறிந்துவிட மாட்டார்கள். பழைய பாவின் இழை முனைகளைத் தறியிலேயே விட்டு, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் அப்படிச் செய்தால்தான் புதிய பாவு தடம் மாறாமல் விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் நுழையும். சேலையின் நிறம் வேறாகலாம், கரை வேறாகலாம், தறி அதேதான். தொடர் எண் என்பதும் இந்தப் பிணைப்பு வேலைதான் என்று நினைக்கிறேன்.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. தொடரும் எண் இடைவெளியை மறைத்துவிடுகிறது. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே எத்தனை மாத மௌனம், எத்தனை கடன், எத்தனை சந்தாதாரர்களின் ஏமாற்றம் இருந்தது என்று அது சொல்வதில்லை. மேலும் சில மறுதொடக்கங்கள் உண்மையிலேயே புதுப்பிறவிகள். 1933இல் வார இதழாகத் தொடங்கிய மணிக்கொடி 1935இல் பி.எஸ். ராமையாவின் கையில் சிறுகதைப் பத்திரிகையாக மறுபிறவி எடுத்தது. 1988இல் சுந்தர ராமசாமி தொடங்கிய காலச்சுவடு நின்றுபோய் 1994இல் மீண்டும் வந்தது. இவற்றை ஒரே பத்திரிகையின் இரு பருவங்கள் என்பதா, ஒரே பெயர் கொண்ட இரு பத்திரிகைகள் என்பதா? இலக்கிய வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது விளையாட்டுக் கேள்வியல்ல. வெறும் இதழ் எண்ணை மட்டும் அடிக்குறிப்பில் எழுதிவிட்டுப் போனால், பின்னால் வருகிற மாணவன் எந்தக் கட்டைப் பிரித்துத் தேடுவான்?

இதற்கு விடை உத்திரமேரூர்ச் சுவரிலேயே இருக்கிறது. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள். 'கோப்பரகேசரி, 12ஆம் ஆண்டு' என்று மட்டும் ஒரு கல் சொன்னால், எந்தப் பரகேசரி என்று ஆய்வாளர்கள் எழுத்தமைதியையும் பிற சான்றுகளையும் வைத்து மல்லாட வேண்டியிருக்கும். பராந்தகனின் கல்லில் 'மதிரை கொண்ட' என்ற அடைமொழி கூடவே நிற்கிறது. அது இன்னாரென்று காட்டிவிடுகிறது. எண்ணைப் புதிதாகத் தொடங்கியதில் தவறில்லை. யாருடைய எண் என்பதைச் சேர்த்துச் சொன்னார்களா என்பதுதான் கேள்வி.

ஆகவே பதிப்பாளர்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். ஒன்றிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் தொடங்குங்கள். பக்கத்திலேயே, பொடி எழுத்திலாவது, மொத்த எண்ணையும் ஆண்டையும் அச்சிடுங்கள். 2017இல் மார்வெல்கூட 'லெகசி' என்ற பெயரில் பழைய கணக்குக்குத் திரும்பியதே, வாசகர் அதை மறக்கவில்லை என்பதால்தான். சிற்றிதழ் நடத்தும் நண்பர்களுக்கும் இதையே சொல்வேன். நின்றுபோன பத்திரிகையை மறுபடி கொண்டுவரும்போது, முன்பு வந்த எட்டோ பத்தோ இதழ்களை ஒரு வரியில் நினைவுகூருங்கள். நமக்கு நூலகங்கள் குறைவு. முழுத் தொகுப்பு இருக்கும் இடங்கள் அதனினும் குறைவு. தமிழ்க் காமிக்ஸின் வரலாறு பெரும்பாலும் தனிமனிதர்களின் பரண்களில்தான் இருக்கிறது. அந்தப் பரணில் ஏறுகிறவனுக்குக் கிடைக்கும் ஒரே வழிகாட்டி, அட்டையின் மூலையில் இருக்கும் அந்தச் சின்ன எண்.