ஆட்டுக்கு அம்மை வந்தா ஆத்தா குத்தமா?

பொங்கலுக்கு சந்தவாசல் போயிருந்தேன். அத்தையோட பட்டியில போன வருஷம் பதினோரு செம்மறி இருந்துச்சு. இப்ப நாலு. அம்மையாம். வாய், மடி, வாலடியெல்லாம் கொப்புளம். குட்டிங்கதான் முதல்ல போச்சாம்.

மாமாவுக்குத் தறி. பாவு கிடைக்காத மாசம் ஒரு ஆட்டை வித்துதான் வீட்டுச் செலவு. அதனால எனக்கு இது ஏழு ஆடு செத்த கதை மட்டும் இல்ல.

வேப்பிலை கட்டி, மஞ்சத்தண்ணி தெளிச்சுப் பார்த்துட்டு அப்புறமா ஊசிக்கு ஓடியிருக்காங்க. ஊசி போட்டு எதிர்ப்பு வரவே ரெண்டு மூணு வாரம் ஆகும். ஹார்ட் டிஸ்க் போனப்புறம் பேக்கப் எடுக்கற மாதிரிதான். (பொட்டி தட்டறவனுக்கு வேற உவமை வராது, ஹி ஹி.)

பெரியம்மை ஒழிஞ்சதா 1980லயும், மாட்டு வெக்கை நோய் ஒழிஞ்சதா 2011லயும் அறிவிச்சாச்சு. ரெண்டுமே தடுப்பூசியால போனது. செம்மறி அம்மைக்கு நம்ம நாட்டுல தடுப்பூசி செய்யற வைரஸ் ரகம் ஒண்ணுக்குப் பேரே 'ராணிப்பேட்டை'! ஆரணிக்கு அந்தாண்ட இருக்கற ஊர் பேர்ல ஊசி இருந்தும் அத்தை பட்டிக்கு வரல.

அத்தையை மட்டும் திட்ட மாட்டேன். பத்து மணிக்கு முகாம் வச்சா, ஆடு அப்ப மலையடியில மேயும். விடியறதுக்குள்ள பட்டிக்கே வந்து, தெரு மொத்தத்துக்கும் ஒரே நாள்ல போடணும்.

அத்தை சந்தையில புதுசா குட்டி வாங்கி அதே பட்டியில கட்டப் போறாங்களாம். காஞ்ச பொறுக்குல அந்தக் கிருமி மாசக்கணக்குல கிடக்கும்னு சொன்னேன். ஆடிக்குக் கூழ் ஊத்தறதா வேண்டியிருக்காங்களாம். ஊத்தட்டும், நானும் குடிப்பேன். ஊசி அதுக்கு முன்னாடி.