ஜார் பூங்காவின் தூண்கள்

லெனின்கிராடு என்று நாம் அறிந்த பீட்டர்ஸ்பர்க் நகருக்குத் தெற்கே ஜார்ஸ்கோயே செலோ என்ற ஊர். ராணி காதரினுடைய அரண்மனைப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. 1918-ல் சோவியத் ஆட்சி அவ்வூருக்குக் "குழந்தைகள் கிராமம்" என்று பெயர் சூட்டியது. 1937-ல் மகாகவி புஷ்கின் பெயரை வைத்தது.

பூங்காவின் ஏரி நடுவே ஒரு தூண். 1770-ல் துருக்கிக் கப்பற்படையைச் செஸ்மேயில் எரித்த வெற்றிக்காக நாட்டியது. உச்சியில் ஒரு கழுகு, பிறையை முறிக்கிறது. பூங்காவிலேயே இன்னொரு கல்தூண், அதே ஆண்டில் நடந்த ககூல் போருக்காக. பார்க்க அழகானவைதான், மறுப்பானேன்?

ககூல் தூணில் பொறித்திருப்பதைக் கேளுங்கள்: ருமியான்ஸேவ் பிரபுவின் தலைமையில் 17,000 ருஷ்யப் படையினர் ஒன்றரை லட்சம் துருக்கியரை விரட்டினார்களாம். பிரபுவுக்குப் பெயர் உண்டு. சண்டையிட்டவர்களுக்கு எண்ணிக்கை மட்டுமே!

அந்த 17,000 பேர் யார்? பெரும்பாலோர் பண்ணையடிமைக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்நாளில் பட்டாளத்துக்குப் பிடித்தால் ஆயுள் முழுதும் சேவகம். 1793-ல்தான் 25 ஆண்டாகக் குறைத்தார்கள். பிள்ளையைக் கொண்டு போகும்போதே தாய்மார் இழவு வீடு போல ஒப்பாரி வைப்பார்கள். பிரபுவுக்குக் கிடைத்த வெகுமதியோ? 1775-ல் ராணி அவருக்கு 5,000 பண்ணையடிமைகளைத் தானமாகக் கொடுத்தாள். போரில் ஜெயித்த விவசாயியின் இனத்தானையே தூக்கிக் கொடுத்திருக்கிறாள்!

அதே யுத்தத்தில் போரிட்ட இன்னொருவன் புகச்சேவ் என்ற கஸாக். 1773-ல் அவன் கொடி தூக்கினான். அடிமைகளுக்கு நிலமும் விடுதலையும் தருவதாகப் பிரகடனம் செய்தான். பிரபு வெகுமதி பெற்ற அதே 1775-ல் மாஸ்கோவில் அவன் தலை உருண்டது. பூங்காவில் அவனுக்குத் தூண் கிடையாது.

நிற்க. இந்தப் பூங்காப் பள்ளியில்தான் புஷ்கின் படித்தார். 1815-ல், பதினைந்து வயதில், தேர்வுச் சபையிலே கிழக்கவி தெர்ஜாவின் முன்னிலையில் இத்தூண்களைப் பாடினார். ருமியான்ஸேவ், சுவோரவ், ஓர்லவ் என்று தளபதிகள் பெயரெல்லாம் வருகிறது. நெப்போலியன் காலத்தில் எரிந்த மாஸ்கோவும் வருகிறது. பையனைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஜன்னலைத் திறந்தால் தூண், தூணில் பிரபு, வேறெதைப் பாடுவான்? அவனுக்குப் பாடம் சொன்னதே அந்தக் கற்கள்தான்.

ஆனால் புஷ்கின் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். 1819-ல் பண்ணையடிமை முறையைச் சாடி எழுதினார். 1820-ல் ஜார் அரசு அவரைத் தெற்கே விரட்டியது. 1833-ல் கஸானுக்கும் ஓரன்பர்க்குக்கும் பயணப்பட்டு, புகச்சேவைக் கண்ட கிழங்கட்டைகளைத் தேடித் தேடி விசாரித்தார். அந்த வரலாறு 1834-ல் வெளிவந்தது. "புகச்சேவின் வரலாறு" என்று கவி வைத்த தலைப்பை ஜார் நிக்கலாஸ் "புகச்சேவ் கலகத்தின் வரலாறு" என்று திருத்தினான். கலகக்காரனுக்கு வரலாறு இருப்பதையே அவன் பொறுக்கவில்லை.

பெர்தா என்ற கிராமத்தில் ஒரு கிழவி அந்நாளைய சங்கதிகளை எல்லாம் சொன்னாள். கவி மகிழ்ந்து ஒரு தங்கக் காசு கொடுத்தார். மறுநாளே ஊரார் அந்தக் காசை எடுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் ஓடினார்களாம்: யாரோ ஒருவன் வந்து புகச்சேவைப் பற்றிக் கிளறுகிறான், பொன்னும் கொடுக்கிறான், நாளைக்கு எங்கள் தலைக்கு வந்துவிடப் போகிறது என்று. புகச்சேவ் செத்து அப்போது 58 ஆண்டு ஆகியிருந்தது.