தீ தெரிந்தால்தான் சமையலா?

புது வீட்டுக்கு அடுப்பு வாங்கப் போகிறவர்களின் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். மூன்று பர்னரா நாலா, மேல்தட்டு கண்ணாடியா எவர்சில்வரா, கிரானைட்டை வெட்டிப் பதிப்பதா சும்மா மேலே வைப்பதா என்று ஒரு வாரம் ஓடும். தீயா மின்சாரமா என்ற கேள்வி மட்டும் எழவே எழாது. அது எப்போதோ தீர்ப்பாகிவிட்ட வழக்கு. "நம்ம சமையலுக்கு இண்டக்‌ஷன் சரிப்படாதுங்க. தீ இருந்தாத்தான் ருசி." கடைக்காரர் சொல்வார், கிச்சன் போடும் கார்பென்டர் சொல்வார், மாமியார் சொல்வார், ஒரு நாள்கூட அடுப்படியில் நிற்காத மாமனாரும் சொல்வார். இண்டக்‌ஷன் அடுப்பு ஹாஸ்டல் பையன்கள் நூடுல்ஸ் போடவும், சிலிண்டர் தீர்ந்த இரவில் பால் காய்ச்சவும் உள்ள சாமான். நம் வீடுகளில் அதற்குக் கிடைத்திருக்கும் மரியாதை அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கை தவறு. எரிவாயுவைக் கையோடு வைத்துக்கொள்ள வேறு நல்ல காரணங்கள் உண்டு, அவற்றைப் பிறகு சொல்கிறேன். ருசி அந்தக் காரணங்களில் ஒன்றல்ல.

சாம்பார் கொதிக்கும்போது தீ எங்கே இருக்கிறது? பாத்திரத்துக்கு அடியில். பருப்பு எங்கே இருக்கிறது? பாத்திரத்துக்குள். நடுவில் ஒரு உலோகத் தகடு. அந்தத் தகட்டைச் சூடாக்கியது நீல நிறத் தீயா, அடியில் உள்ள செம்புச் சுருளிலிருந்து எழும் காந்தப்புலமா என்று துவரம்பருப்புக்குத் தெரிய வழியே இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது மட்டுமே. தீ நேராக உணவைத் தொடும் பண்டங்கள் நம் சமையலில் எத்தனை? சுட்ட அப்பளம், துவையலுக்குச் சுடும் கத்தரிக்காய், சோளக்கதிர், சுட்ட கருவாடு, வலைக்கம்பியில் உப்பும் சுக்கா ரொட்டி. இவற்றுக்குத் தீ வேண்டும், மறுக்கவில்லை. சோறு, குழம்பு, ரசம், கூட்டு, பொரியல், இட்லி, பாயசம், காபி? வருஷத்தில் நாலு தரம் சுடும் கத்தரிக்காய்க்காக மீதி நாளெல்லாம் எந்த அடுப்பில் நிற்பது என்று முடிவு செய்கிறோம்.

விறகடுப்புச் சமையலின் வாசத்தை நினைத்துக்கொண்டுதான் பலர் இதைப் பேசுகிறார்கள். அந்த வாசம் நிஜம். ஆனால் அது தீயின் வாசமல்ல, புகையின் வாசம். மரம் முழுதாக எரியாமல் கிளப்பும் புகையில் உள்ள பொருள்கள் திறந்த சட்டியில் படிவதால் வருவது. சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும். சரியாக எரிந்தால் புகையே வராது. அதற்கென்று சொந்த வாசம்கூடக் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமே என்று எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளை வேண்டுமென்றே சேர்த்து அனுப்புகிறார்கள். விறகுக்குப் போய்ச் சேர வேண்டிய பாராட்டை ஐம்பது ஆண்டுகளாக சிலிண்டர் வாங்கிக்கொண்டிருக்கிறது.

இதில் வேடிக்கை, அந்த சிலிண்டரும் ஒரு காலத்தில் இதே குற்றச்சாட்டைக் கேட்டதுதான். இண்டேனின் முதல் இணைப்பு 1965 அக்டோபரில் கல்கத்தாவில் கொடுக்கப்பட்டது. அங்கிருந்து நம்மூர் அடுப்படிக்கு வந்து சேர்ந்தபோது, கேஸ் அடுப்புச் சோறு வயிற்றுக்கு ஆகாது, வாய்வு பிடிக்கும் என்று சொன்ன பெரியவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். 2007இல் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கிய நாட்களிலும் அந்தப் பேச்சு முழுதாக ஓயவில்லை. ஆட்டுக்கல்லில் அரைத்தால்தான் இட்லி என்றவர்கள் இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் பெருமைப்படுகிறார்கள். ஒவ்வொரு முறையும் பழைய சாதனம் நாக்கின் பெயரால் வாதாடியது. ஒவ்வொரு முறையும் பத்து வருஷத்தில் நாக்கு பேசாமல் புதியதற்குப் பழகிக்கொண்டது.

நிறையப் பேர் சாப்பிட்டுப் பாராட்டும் ஓரிடத்தைப் பாருங்கள். திருமலை அன்னதானக் கூடத்தில் சோறும் குழம்பும் நீராவியில் ஆகின்றன. கொதிகலன் ஒரு பக்கம், அண்டா ஒரு பக்கம், நடுவில் குழாய். அண்டாவுக்கு அடியில் தீ கிடையாது. அங்கே பந்தியில் உட்கார்ந்து, "தீ வாசம் இல்லையே" என்று யாரும் இலையை மூடிவிட்டு எழுந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

இனி, இந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பது யார் என்று பார்ப்போம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

வீட்டு கேஸ் அடுப்புக்கான இந்தியத் தரநிலை கேட்கும் வெப்பத்திறன் குறைந்தது 68 சதவீதம். அது ஆய்வுக்கூடத்தில், அளவான பாத்திரத்தை வைத்துப் பார்க்கும் கணக்கு. வீட்டில் சின்னக் கிண்ணத்தைப் பெரிய பர்னரில் வைத்து, தீ பக்கவாட்டில் எழும்ப எரிக்கும்போது 60 தேறினாலே நல்லது. மீதி 40 எங்கே போகிறது? அடுப்படிக்கு. அதாவது அங்கே நிற்பவரின் முகத்துக்கும் கழுத்துக்கும். இண்டக்‌ஷனில் சூடு பாத்திரத்தின் அடித்தகட்டிலேயே பிறக்கிறது. 85 சதவீதத்துக்குக் குறையாமல் உள்ளே போகிறது. சித்திரை வெயிலில், சென்னையிலோ வேலூரிலோ, எட்டுக்குப் பத்து அடுப்படியில் இந்த வித்தியாசம் வெறும் எண்ணாக இருக்காது. அதோடு, கேஸ் எரியும்போது மின்விசிறியைப் போட முடியாது; தீ அலையும், அணையும். கூடத்தில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர் "தீயில வச்சாத்தாம்மா ருசி" என்கிறார். விசிறியில்லாத அறையில் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அந்த ருசியை உண்டாக்குபவர் வேறொருவர். நான் கேட்டவரை, இந்த ருசித் தத்துவத்தை உரக்கப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சாப்பிடுகிற பக்கம் இருக்கிறார்கள்.

வெக்கையோடு போவதில்லை. தீ எவ்வளவு நீலமாக எரிந்தாலும், அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது. மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதன் ஆண்டு வரம்பைக் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10ஆகக் குறைத்தது. வெளிக்குழாய் இல்லாமல் காற்றை வடிகட்டி அதே அறைக்குள் விடும் சிம்னி இதற்கு உதவாது. தாளிப்புப் புகை இண்டக்‌ஷனிலும் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடுகும் வற்றலும் எந்த அடுப்பில் வெடித்தாலும் தும்மல் தும்மல்தான். ஆனால் பால் காய்ச்சும்போதும் வெந்நீர் வைக்கும்போதும் அடுப்படிக் காற்றைக் கெடுத்துக்கொள்ள ஒரு அவசியமும் இல்லை.

"வேகம் வராது" என்று இன்னொரு குரல். வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் ஏறத்தாழ 2 கிலோவாட். பாத்திரத்துக்குள் போவது 1.2. இரண்டாயிரம் வாட் இண்டக்‌ஷனில் 1.7 போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் இதில் மூன்று நிமிடத்தில் கொதிக்கும், அதில் நாலு நிமிடம் ஆகும். "கதிர்வீச்சு" என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இது எக்ஸ்ரே அல்ல, குறைந்த அதிர்வெண் காந்தப்புலம். சில அங்குலம் தள்ளினாலே வெகுவாகக் குறைந்துவிடும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் இரண்டடி விலகி நிற்க வேண்டும்.

இண்டக்‌ஷனை விற்பவர்கள் சொல்லாமல் விடுவதையும் சொல்லாவிட்டால் நானும் கடைக்காரன் ஆகிவிடுவேன். விலை குறைந்த அடுப்புகளில் சூட்டைக் குறைத்து வைத்தால் அது உண்மையில் குறைவதில்லை. முழு வேகத்தில் சில நொடி எரிந்து, சில நொடி நின்று, மறுபடி எரிகிறது. பால் பொங்கும், அடங்கும், பொங்கும். அல்வா கிளறுபவருக்கு அது எரிச்சல். சுருள் சின்னதாக இருந்தால் தோசை நடுவில் முறுகி ஓரம் வெளுக்கும். அடி கனத்த இரும்புக் கல்லை வைத்துப் பொறுமையாகக் காயவிட்டால் பாதி சரியாகும், முழுதும் சரியாகாது. "இட்லி", "தோசை", "பால்" என்று எழுதியிருக்கும் பொத்தான்களை மறந்துவிடுங்கள். வாட் அளவைக் கூட்டிக் குறைப்பதே சமையல். பாத்திரமும் பார்க்க வேண்டும். இரும்பு, வார்ப்பிரும்பு ஏறும். அலுமினியம், இண்டாலியம், பித்தளை, மண்சட்டி, கல்சட்டி ஏறாது. எவர்சில்வரில் சில ஏறும், சில ஏறாது. அடியில் காந்தம் ஒட்டினால் சரி. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு ஏறவே ஏறாது. 232 டிகிரியில் உருகும் அதைத் தீயில் காலியாக வைத்துத் தொலைத்தவர்களும் ஏராளம் என்பது வேறு கதை.

மின்வெட்டுதான் எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம். 2012இல் மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போன மாநிலம் இது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு டெல்டா கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதைப் பார்த்தவர்களிடம் சிலிண்டரைத் தூக்கிப் போடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. வைத்துக்கொள்ளுங்கள். மீன்குழம்புச் சட்டிக்கும் சுட்ட அப்பளத்துக்கும் பொங்கல் பானைக்கும் புயலுக்கும் அது வேண்டும். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தினமும் மூன்று வேளை அதிலேயே நிற்பதற்குப் புயல் ஒரு காரணமாகாது. போதாததற்கு, நாடு எரிக்கும் சமையல் வாயுவில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது, பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து. அங்கே ஒரு போர் மூண்டால் திருச்சியில் சிலிண்டர் தாமதமாகும். மின்சாரம் மட்டும்தான் நம்பத்தகாதது என்ற எண்ணத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.

செலவு? இதில் இரண்டு கட்சியும் பொய் சொல்கின்றன. 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் சூடு சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். அதில் பாத்திரத்துக்குப் போவது 110 போல. அதே வேலையை இண்டக்‌ஷன் 130 யூனிட்டில் முடிக்கும். உங்கள் மின்கட்டணத்தின் கடைசி அடுக்கு யூனிட் 5 ரூபாய் என்றால் 650 ரூபாய். 9 ரூபாய் என்றால் 1,170. இதை உங்கள் சிலிண்டர் விலையோடு வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், 500ஐத் தாண்டினால் கீழ் அடுக்கின் மலிவு விலையும் கைவிட்டுப் போகும். ஏசி ஓடும் பெரிய வீட்டுக்கு இண்டக்‌ஷன் லாபமில்லை. 300 யூனிட்டுக்குள் அடங்கும் சின்னக் குடும்பத்துக்கு லாபம். பில்லை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டால் ஐந்து நிமிட வேலை. ருசியைப் பற்றிப் பேசிய ஒரு வாரத்தில் இந்த ஐந்து நிமிடத்தை யாரும் ஒதுக்குவதில்லை.

ஆகவே எதை வாங்குவது? கிரானைட்டை வெட்டிப் பதிக்கும் நாலு பர்னர் ஹாப் வேண்டாம். நாலும் ஒரே நேரத்தில் எரியும் வீடுகள் அரிது. குக்கரும் குழம்புச் சட்டியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றாவது பாத்திரத்துக்கு இடம் இருக்காது. பழுதானால் அதே அளவுக்கு இன்னொன்றைத் தேடி அலைய வேண்டும். நாலு வட்டம் உள்ள பதிக்கும் இண்டக்‌ஷனும் வேண்டாம். முழு வேகத்தில் அது 7 கிலோவாட், அதாவது 30 ஆம்பியர். நம் சாதாரண வீட்டு இணைப்பு திணறிவிடும். இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு ஒன்று, நல்ல ஒற்றை இண்டக்‌ஷன் ஒன்று. சோறு, பருப்பு, பால், வெந்நீர், இட்லி எல்லாம் இதில். வதக்கலும் சுடுவதும் அதில். எல்லா வீட்டுக்கும் என் சிபாரிசு இதுதான், பத்துப் பேர் சாப்பிடும் கூட்டுக்குடும்பம் தவிர. அவர்களுக்குப் பெரிய பாத்திரம் தாங்கும் கேஸ் அடுப்பே சரி.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு அவசர வேண்டுகோள். அடுப்படி மேடைக்குப் பக்கத்தில் எலெக்ட்ரீஷியன் வழக்கம்போல 6 ஆம்பியர் ப்ளக் பாயிண்டைத்தான் வைத்துவிட்டுப் போவார். அது 1,300 வாட்டுக்கு மேல் தாங்காது. இரண்டாயிரம் வாட் அடுப்பைச் செருகினால் ப்ளக் கருகும், பழி இண்டக்‌ஷன் மேல் விழும். சுவர் பூசுவதற்கு முன் அவரிடம் சொல்லி, பலகையிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் தனியாக இரண்டு 16 ஆம்பியர் பாயிண்ட் இழுக்கச் சொல்லுங்கள். மேடைக்கு மேலே ஒரு விசிறிக்கும் இடம் விடச் சொல்லுங்கள்.